மாமியாரைக் கவனிக்கிறேன், மனதில் தயவு வரவில்லை – பதில்

சகோதரி, பல வருடம் உங்களைக் குத்திப் பேசிய மாமியார் இப்போது படுத்த படுக்கை. எல்லாம் செய்தும் மனதில் பாசம் வரவில்லை, நான் மாய்மாலக்காரியா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இல்லை.

வேதாகமத்தில் கலாத்தியர் 5:22 தயவை ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவியானவர் நமக்குள் விளைவிக்கும் குணம், என்கிறது. கனி பழுக்க நாளாகும். அங்கே வரும் கிரேக்கச் சொல்லின் உறவுச் சொல்தான் மத்தேயு 11:30-இல் இயேசு ‘என் நுகம் மெதுவாயும்’ (மென்மையாயும்) என்று சொல்லும் இடத்திலும் இருக்கிறது. இதை அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். கழுத்தை உரசாத நுகம்போல நடந்துகொள்வதும் தயவுதான்.

என் மாமனாரைப் பார்த்துக்கொண்ட நாட்களில், அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் முன், "அப்பா, இப்போ திருப்பப் போறேன்" என்று சொல்லிவிடுவேன். அவர் உடம்பு விறைக்காமல் இருக்கும். பாசம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

பழைய காயத்தை மறந்ததாக நடிக்க வேண்டாம், ஜெபத்தில் அப்படியே சொல்லி அழுங்கள். நன்றியறியாதவர்களுக்கும் நன்மைசெய்கிறவர் என்று லூக்கா 6:35 சொல்லும் தேவனுக்கு அது புரியும். அப்புறம், இரவு டயப்பர் மாற்றுவதை உங்கள் கணவர் ஏற்கட்டும். அவரைப் பெற்ற தாய்தானே. நீங்கள் முதலில் தூங்குங்கள்.