சளி, ஜலதோஷம்: ஒரு மருந்தாளுநரிடம் கேட்டவை

சார், மூக்கு ஒழுகி மூன்று நாளாகிறது. இன்று சளி பச்சையாக வருகிறது. அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளவா?

வேண்டாம். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அவை சளியில் சேரச் சேர நிறம் மாறும், அவ்வளவுதான். ஜலதோஷம் வருவது வைரஸால், பெரும்பாலும் ரைனோவைரஸால். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிச்சமாகும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் 650, மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை. சேர்த்துப் போடலாமா?

முதலில் சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதிலும் பாராசிட்டமால் இருக்கும், பல மாத்திரைகளில் 500 மி.கி. இரண்டும் சேர்ந்தால் வேளைக்கு 1150. மூன்று வேளைக்கு 3450. நடுவில் தலைவலி என்று இன்னொரு 650 போட்டால் 4100. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000தான் உச்சவரம்பு. தாண்டினால் ஈரல் கெடும். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் வரம்பு இன்னும் குறைவு. ஆகவே ஏதாவது ஒன்று போதும்.

அந்த மாத்திரையில் மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் ஃபெனைலெஃப்ரின் வாய்வழியாகச் சாப்பிட்டால் பலன் தருவதில்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவே சொல்லிவிட்டது. அதோடு சேர்ந்து வரும் குளோர்பெனிரமின் மூக்கொழுகலைக் கொஞ்சம் குறைக்கும், கூடவே தூக்கமும் வரும். போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

இரண்டு வாரமாக மூக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். இப்போது அது இல்லாமல் தூங்கவே முடியவில்லை.

சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகையாக இருந்தால் காரணம் அந்த மருந்தேதான். மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வழிவிடும்; வீரியம் இறங்கியதும் முன்னைவிட வீங்கும். அதனால்தான் ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்பது. முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்தத் துவாரம் தானாகத் திறந்தபின் மறுபக்கம். அதுவரை உப்புத் தண்ணீரால் கழுவுங்கள்: நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், உப்பு 9 கிராம். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் நுழைகிறது. அப்படியும் திறக்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் வேறு ஸ்ப்ரே தருவார்.

எட்டு மாதக் குழந்தை, 8 கிலோ. தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்த்து, மூக்கிலும் எண்ணெய் விடச் சொல்கிறார் அத்தை.

இரண்டும் கூடாதும்மா. கற்பூரம் உடம்பில் ஏறினால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஒரு வயதுவரை தேனும் கிடையாது. பால் கொடுக்கும் முன் பக்கத்துக்கு இரண்டு சொட்டு, கடையில் கிடைக்கும் சலைன் (உப்புநீர்ச் சொட்டு) விட்டு, வழிவதைத் துடைத்தால் போதும். குடிக்கும்போது மூச்சு முட்டாது.

காய்ச்சல் மருந்தில்தான் அதிகம் தவறுகிறது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆக 120 மி.கி. சொட்டு மருந்து 1 மில்லியில் 100 மி.கி. என்றால் 1.2 மில்லி. சிரப் 5 மில்லியில் 120 என்றால் 5 மில்லி. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். பாட்டிலோடு வந்த அளவியைத் தவிர வேறெதிலும் அளக்காதீர்கள்.

தூங்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 50ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு.

ஆவி பிடிக்கலாமா?

பெரியவர்கள் பிடிக்கலாம், அந்த நேரத்துக்குச் சுகம். குழந்தைகளுக்கு வேண்டாம், பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான் நடக்கிறது.

பெரியவர்கள் எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால். பத்து நாளாகியும் கன்னமோ நெற்றியோ குத்தி வலித்தால். தேறிவந்து, மறுபடியும் காய்ச்சல் ஏறினால். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் "திரும்பச் சளி பிடித்துவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். பாக்டீரியா சேர்ந்திருக்கலாம், ஆன்டிபயாடிக் தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டியது அப்போதுதான்.