தொட்டியில் வெறும் செம்மண்ணை நிரப்பினால் கத்தரிச்செடி ஏன் வாடுகிறது?

தொட்டி மண் கலவை என்பது செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்த பொலபொலப்பான மண். காரைக்குடிப் பக்கம் பலர் கொல்லைச் செம்மண்ணை அப்படியே நிரப்பிவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

தரையில் நீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். தொட்டியிலோ ஒரு முழத்துக்குள் அடி வந்துவிடுகிறது. சில முறை நீர் ஊற்றியதும் மண் இறுகுகிறது. காய்ந்தால் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி இடுக்கு விடுகிறது. ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிட, நடுவேர் காய்ந்து கிடக்கும். நிறைய ஊற்றினாலோ அடியில் ஈரம் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகும். துவைத்த துண்டைக் கொடியில் போட்டுப் பாருங்கள்: மேல்பகுதி உலர்ந்த பிறகும் கீழ் விளிம்பு சொதசொதவென்றே இருக்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான். நார்க்கழிவு அந்த மண்ணுக்குள் காற்றுக்கு இடம் விடுகிறது. ஆகவே அதை மட்டும் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள்.

சித்திரை வெயிலில் மாடித் தளம் கொதிக்கும். தொட்டியைச் செங்கல்மீது வைத்து, காலையிலேயே நீர் ஊற்றுங்கள்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை: ஈரம் ஜல்லிக்கு மேலேயே நின்றுவிடும், வேருக்கான ஆழம்தான் குறையும், துளைமேல் ஓர் ஓட்டுச்சில் போதும்.