ஸ்கேர்ட் தகட்டுக்கு இழுவையில் 138 மெகாபாஸ்கல் இருக்க, நெருக்கலில் ஏன் 87?

கேட்ட தம்பி அறிவியல் நகரில் இறுதியாண்டு பொறியியல் படிக்கிறார். நெட்டையான அமுக்கக் கலத்தை அடியில் தாங்கி நிற்கும் உருளைத் தகடான ஸ்கேர்ட்டுக்கு, இழுவையில் அனுமதிக்கும் தகைப்பையே நெருக்கலுக்கும் எடுக்கலாமா என்பது கேள்வி.

எடுக்கக்கூடாது. வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் எடுத்தேன். வெளிவிட்டம் 2000 மிமீ, தடிப்பு 10 மிமீ, எடை 600 கிலோநியூட்டன், காற்றால் அடியில் வரும் வளைப்புத் திருப்பம் 3200 கிலோநியூட்டன் மீற்றர். எடையால் சுமார் 10, வளைப்பால் சுமார் 103, கூட்ட 113 மெகாபாஸ்கல். எஸ்ஏ-516 கிரேட் 70 என்ற உருக்குத் தகட்டுக்கு இழுவையில் அனுமதி 138. சரி என்று கையெழுத்து வைத்தேன். சரிபார்த்த மூத்தவர் ஓர் எழுத்தை மட்டும் சிவப்பால் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'பி?'

அமுக்கக் கலங்களுக்கான அமெரிக்க விதிநூலான அஸ்மி எட்டாம் பகுதி, முதலாம் பிரிவு, யுஜி-23 சொல்வது இதுதான்: நெருக்கலுக்கு, இழுவை அனுமதியும், தகடு நெளியாமலிருக்க வரைபிலிருந்து எடுக்கும் 'பி' என்ற தகைப்பும், இரண்டில் எது குறைவோ அது. முதலில் வரைபில் நுழைவதற்கான எண், ஏ = 0.125 ÷ (வெளி ஆரை ÷ தடிப்பு). எனக்கு ஆரை ÷ தடிப்பு 100, ஆகவே ஏ = 0.00125. அந்த உலோகத்தின் வரைபில், வடிவமைப்பு வெப்பநிலைக் கோட்டில் பார்த்தால் 150 பாகை செல்சியஸ் வரைக்கும் பி சுமார் 87. காற்றோ நிலநடுக்கமோ சேர்ந்த சுமைக்கு 1.2 மடங்கு கொடுக்கலாம். அப்போதும் 104 தான். என் 113 அதைத் தாண்டிவிட்டது. 12 மிமீ தகடு போட்டபின் தகைப்பு 94 ஆக இறங்கியது, அனுமதி 109 பக்கம் ஏறியது. தடிப்பைக் கூட்டினால் இரண்டு பக்கமும் நமக்குச் சாதகமாக நகரும். அரிப்புக்கு விட்ட தடிப்பைக் கழித்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைக்கிறார்கள் என்பதுதான் விளங்கவேண்டிய இடம். போன கிழமை கோப்பாயில் வீட்டு முற்றத்தில் அக்காவின் மகன் வெறும் குளிர்பானப் பேணியை நிமிர்த்தி வைத்து அதன் மேல் ஒற்றைக் காலில் ஏறி நின்றான். "மாமா, இஞ்ச பாருங்கோ, ஏறி நிண்டும் நசியேல்லை!" நான் குனிந்து இரண்டு பென்சிலால் பேணியின் இடுப்பில் இருபக்கமும் மெல்லத் தொட்டேன். அந்தக் கணமே தட்டையாகிவிட்டது. அலுமினியத்தின் பலம் குறையவில்லை, எடையும் கூடவில்லை. வடிவத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான்.

குறையே இல்லாத உருளை நெளிய 0.605 × யங்கின் மட்டு (உலோகத்தின் விறைப்பு) × தடிப்பு ÷ ஆரை அளவு தகைப்பு வேண்டும் என்கிறது பழைய கோட்பாடு. வரைபில் ஏ வெப்பநிலைக் கோட்டுக்கு இடப்பக்கம் விழும்போது பி = ஏ × யங்கின் மட்டு ÷ 2. அதை விரித்தால் 0.0625 வரும், அதாவது கோட்பாட்டில் பத்தில் ஒரு பங்கு. தகடு உருட்டும்போது வட்டம் கொஞ்சம் பிசகும், வெல்டிங் சூட்டில் இழுக்கும், லொறியில் ஏற்றும்போது எங்கேனும் இடிபடும். மீதி ஒன்பது பங்கும் பெரும்பாலும் அந்தப் பென்சில் பள்ளங்களுக்காக ஒதுக்கியது. வீண் என்று நினைக்கவேண்டாம்.

இன்னொன்று. கலத்தின் உள் அமுக்கம் அதன் சுவரை இழுத்துப் பிடிப்பதால் அங்கே நெருக்கல் குறையும். ஸ்கேர்ட்டுக்கு அந்த உதவி இல்லை. சோளகம் அடித்தால் வடகிழக்குப் பக்கத் தகடு, வாடை அடித்தால் எதிர்ப்பக்கத் தகடு, எடையையும் வளைப்பையும் முழுதாக வாங்கும். நீர் நிரப்பிச் சோதிக்கும் நாளின் எடையையும் தனியாகப் பாருங்கள்.

ஆள் நுழையும் வாசலையும் குழாய்த் துளைகளையும் வடிவாகக் கவனியுங்கள். முழு வட்டத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு வாசல் இருக்கும் மட்டத்தை விட்டுவிடுவார்கள். அங்கே வெட்டிய அகலத்தைக் கழித்து, மிஞ்சிய தகட்டுக்குத் தகைப்பைத் திரும்ப எடுங்கள். பெரிய வாசலென்றால் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு கழுத்துத் தகடு ஒட்டச் சொல்லுங்கள்.