நோயின் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: ஆரம்பகாலத் தலையீடு பற்றிய வாசகர் கேள்விகள்

ஆரம்பகாலத் தலையீடு என்பது வளர்ச்சி பிந்திய சிறு பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே தரும் பயிற்சியும் சிகிச்சையும். அதைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு விடயங்களையே கேட்கின்றன: என் பிள்ளை சேவைக்குத் தகுதி உடையவளா, அதற்கான பணத்தை யார் தருவது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

எங்கள் மகனுக்கு 20 மாதம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. எதையும் விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. ஓட்டிசம் என்று வைத்திய நிபுணர் எழுதித் தந்தால்தான் பயிற்சிக்குச் சேர்ப்போம் என்று ஒரு தனியார் நிலையத்தில் சொல்கிறார்கள். நிபுணரைச் சந்திக்க நாள் கிடைக்கவில்லை. அதுவரை என்ன செய்வது? (தாய், வெள்ளவத்தை)

அந்த நிலையம் தன் சேர்க்கைக்கு என்ன நிபந்தனை வைத்தாலும், அரச சுகாதார சேவையில் நோயின் பெயர் எழுதப்பட்ட கடிதம் நுழைவுச்சீட்டு அல்ல. பிள்ளையின் வளர்ச்சி பிந்தியிருப்பதே போதிய காரணம். நீங்கள் மாநகரசபை எல்லைக்குள் வசிப்பதால், மாநகரசபையின் தாய் சேய் நல கிளினிக்குக்கோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ இந்த வாரமே செல்லுங்கள். பிறந்தபோது தந்த சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அதில் வளர்ச்சி மைல்கற்களுக்கான பக்கங்கள் இருக்கின்றன. பலர் நிறையையும் தடுப்பூசியையும் மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் பதிவேட்டிலும் அவை வெறுமையாக இருந்தால், இன்று இரவே கணவருடன் உட்கார்ந்து நிரப்புங்கள். அங்கிருந்து பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து ராகமையில் இயங்கும், இயலாமை உள்ள சிறுவர்களுக்கான அயதி நிலையத்தைப் பற்றியும் அதே மேசையில் விசாரியுங்கள்.

கேட்டல் பரிசோதனையை முதலில் செய்யுங்கள். பேச்சுக்காக எந்தப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னரும் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன். கதவு அடிக்கும் சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிடுவதால் அவனுக்குப் பேச்சொலிகள் தெளிவாகக் கேட்கின்றன என்று ஆகிவிடாது.

மகன் பேசுவதில்லை. அரசாங்கம் எவ்வளவு பணம் தரும்? (ஒரு தந்தை)

பிள்ளையின் வயது எழுதப்படவில்லை. குடும்ப வருமானமும் எழுதப்படவில்லை. வசிக்கும் பிரதேச செயலகப் பிரிவும் இல்லை. 11 மாதக் குழந்தை பேசாதிருப்பது இயல்பு. 3 வயதுப் பிள்ளை பேசாதிருப்பது அவசரம். வயது குறிப்பிடாத கடிதத்துக்கு என்னால் பொறுப்புடன் பதில் எழுத முடியாது. பணத்தைப் பற்றிக் கேட்கும் முன், அவனுக்குக் காது கேட்கிறதா என்பதைப் பரிசோதித்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் இரட்டைக் குழந்தைகள் 30 வாரத்தில் பிறந்தார்கள். இப்போது 9 மாதம். இருவரும் பிடிமானமின்றி உட்காருவதில்லை. ஒருத்தி எல்லாவற்றையும் வலது கையால் மட்டுமே எடுக்கிறாள். இதற்குள் சேவை கேட்டுப் போகலாமா? (தந்தை, கொட்டாஞ்சேனை)

போகலாம், போகவும் வேண்டும். ஆனால் முதலில் வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். ஏறக்குறைய 10 வாரம் முந்திப் பிறந்தவர்களுக்கு இன்று திருத்திய வயது 7 மாதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வயதில் பிடிமானமின்றி உட்காராதது மட்டும் என்னைக் கவலைக்கு உள்ளாக்காது. 2 வயது வரை இந்தத் திருத்திய கணக்கையே பின்பற்ற வேண்டும். பதிவேட்டில் எழுதுபவருக்கும் அதை நினைவூட்டுங்கள்.

கவலைக்குரியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இறுதி வாக்கியம். 1 வயதுக்கு முன் ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது வலக்கைப் பழக்கம் அல்ல. மறு கையில் பலவீனமோ இறுக்கமோ இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி அது. மூளைப் பாதிப்பால் உடலசைவு குன்றும் பெருமூளை வாதத்தின் முதல் அடையாளமாகவும் அது அமையலாம். அந்தக் குழந்தையை இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்க்கும்படி, பிறந்த வைத்தியசாலையின் குறைமாதக் குழந்தைகளுக்கான தொடர் கிளினிக்கிலேயே கேளுங்கள். முந்திப் பிறந்தமையே தொடர் கண்காணிப்புக்குப் போதிய தகுதி.

மகளுக்கு 2 வயதும் 4 மாதமும். வீட்டில் தமிழ், அயலில் சிங்களம், தொலைக்காட்சியில் ஆங்கிலம். சொற்கள் குறைவு. முன்பள்ளி ஆசிரியையும் பயிற்சியளிப்பவரும் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் செய்த மதிப்பீட்டில் மிகக் குறைந்த புள்ளி வந்தது. என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது; அவர் இப்போது பிள்ளையோடு பேசப் பயப்படுகிறார். (தாய், தெஹிவளை)

உங்கள் மாமியாரை இன்றே பேசச் சொல்லுங்கள். தமிழில், முன்பு பேசியது போலவே.

இந்த ஆலோசனை கொழும்பில் எத்தனையோ வீடுகளில் புகுந்து எத்தனையோ பாட்டிமாரின் வாயை அடைத்திருக்கிறது. இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. உண்மையான தாமதம் உள்ள பிள்ளையும் இரண்டு மொழிகளைக் கற்கலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் இது ஆராயப்பட்டிருக்கிறது, ஒரு மொழியைப் பறித்ததால் மற்ற மொழி செழித்தது என்று காட்டப்படவில்லை. தாய்மொழியை நிறுத்தும்போது நடப்பது வேறு. நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் மௌனமாகிறார். தாய் தனக்கு முழுமையாக வசப்படாத ஒரு மொழியில் ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்று கட்டளைகளை மட்டும் இடுகிறார். கதை நின்றுபோகிறது, தாலாட்டு நின்றுபோகிறது, ஏன் எதற்கு என்ற விளக்கமும் நின்றுபோகிறது. பேச்சு பிந்திய பிள்ளைக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் வளமான உரையாடலை, பிள்ளையின் நன்மைக்காக என்று சொல்லியே நாம் எடுத்துவிடுகிறோம்.

மதிப்பீட்டைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சேவைக்கான தகுதி அதில்தான் தங்கியிருக்கிறது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பெற்ற புள்ளி, அவளுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதைத்தான் சொல்லும். இதனால் இரண்டு விதமான பிழைகள் நேர்கின்றன. தாமதம் இல்லாத பிள்ளைக்குத் தாமதம் என்று முத்திரை குத்தப்படுகிறது. உண்மையான தாமதம் உள்ள பிள்ளையோ ‘வீட்டில் பல மொழி, அதனால்தான்’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, மிகப் பெறுமதியான ஓர் ஆண்டை இழக்கிறாள். இரண்டாவது பிழையே எனக்கு அதிக வேதனை தருகிறது.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், எந்த மொழியானாலும், அவள் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதுங்கள். ‘தண்ணி’, ‘வத்துர’, ‘வோட்டர்’ மூன்றும் மூன்று சொற்களாகவே எண்ணப்பட வேண்டும். எல்லா மொழிகளையும் சேர்த்து 2 வயதில் 50 சொற்கள் அளவிலாவது இல்லை, ‘அம்மா வா’ என்பது போல இரண்டு சொற்களை இணைக்கவும் இல்லை என்றால், அது உண்மையான தாமதம். மொழிகளின் மீது பழி போடாமல் சேவையைக் கோருங்கள். கேட்டல் பரிசோதனை முடிந்ததா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. முடியாவிட்டால் அதுவே முதல் வேலை.

தமிழ் பேசும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் இந்த நாட்டில் போதாமல் இருப்பது உண்மை; அதற்காகப் பிள்ளையின் மொழியைக் குறைக்க முடியாது. சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், இரு மொழியும் தெரிந்த ஒருவர் உடனிருந்து மொழிபெயர்க்க வேண்டும்; அறிக்கையில் எந்த மொழியில் மதிப்பிடப்பட்டது என்று எழுதப்பட வேண்டும். 1987 இன் 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கணவர் நாட்கூலி. 14 மாத மகளுக்கு டவுன் சின்ட்ரோம். அவள் கலகலப்பாக இருக்கிறாள், தவழ்கிறாள். தாமதம் தெரிந்த பிறகு போனால் போதுமா? அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்குமா? (தாய், மட்டக்குளி)

தாமதம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். டவுன் சின்ட்ரோம் உறுதிப்பட்ட நாளிலிருந்தே அவள் தகுதியுடையவள். இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. இதய ஸ்கேன், தைரொயிட், கேட்டல், பார்வை நான்கும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். பார்க்கப்படாதது எது என்று பதிவேட்டை வைத்து வைத்தியரிடம் கேளுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களில் இயலாமை உள்ளவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தர் ஊடாக உங்கள் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மட்டக்குளிக்குரியது கொழும்பு பிரதேச செயலகம். பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் பிரதிகளை வைத்திருங்கள். விண்ணப்பத்தைக் கையளித்ததும் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்ப வேண்டாம்.

கொடுப்பனவு கிடைக்கும்வரை பயிற்சியை ஒத்திவைக்கவும் வேண்டாம். அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவமும் பேச்சுச் சிகிச்சையும் இலவசம். அஸ்வெசும பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதும் இல்லாததும் அதைப் பாதிக்காது.

பாடசாலை மாணவருக்கான சுரக்ஷா காப்புறுதி 2 வயது மகனின் பயிற்சிக்குச் செலவு தருமா? (தெமட்டகொட)

தராது. அது பாடசாலையில் சேர்ந்தவர்களுக்கானது. தொழில் வழங்குநரின் காப்புறுதி இருந்தால், வைத்தியசாலையில் தங்காமல் பெறும் சிகிச்சைக்கு இடமுண்டா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள்.

ஜனாதிபதி நிதியத்திடம் பேச்சுப் பயிற்சிக்கு உதவி கேட்கலாமா? (கொலன்னாவ)

அந்த நிதியம் பெரும்பாலும் செலவு மிகுந்த சத்திரசிகிச்சைகளுக்கும் குறிப்பிட்ட நோய்களுக்கும் உதவுகிறது. வாராந்தப் பயிற்சிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் விண்ணப்பியுங்கள். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே அதைச் செய்யலாம்.

6 மாதப் பயிற்சிக்கு 3 லட்சம் ரூபாயை முன்கூட்டியே கட்டினால் ஓட்டிசம் உள்ள எங்கள் மகன் பேசுவான் என்று ஒரு நிலையத்தில் உறுதி தந்தார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். வெளிநாட்டில் ஸ்டெம் செல் சிகிச்சை பற்றியும் சொன்னார்கள். (பெற்றோர், வத்தளை)

அடகு வைக்க வேண்டாம். நாணயமான எந்தச் சிகிச்சையாளரும் திகதி குறித்து உறுதி தரமாட்டார். மாதாமாதம் கட்டணம் செலுத்தும் முறையும், எழுத்தில் இலக்குகளும், 3 மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வும் இல்லாத இடத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பயிற்சியளிப்பவரின் தகைமையையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நீங்கள் அறையில் இருக்கக்கூடாது என்று சொல்லும் இடத்தையும் தவிருங்கள், ஏனெனில் வாரத்தில் ஒரு மணித்தியாலம் சிகிச்சையாளர் செய்வதை மிகுதி நேரமெல்லாம் வீட்டில் தொடர வேண்டியவர்கள் நீங்களே.

ஓட்டிசத்துக்கு ஸ்டெம் செல், அழுத்த ஒட்சிசன் அறை, உடலிலிருந்து உலோகங்களை அகற்றும் கிலேசன் ஆகிய எதற்கும் ஏற்கத்தக்க சான்று இல்லை. கிலேசன் மருந்து ஏற்றப்பட்ட 5 வயதுச் சிறுவன் ஒருவன் 2005 இல் அமெரிக்காவில் இறந்தான். பணம் போவதோடு முடிகிற விடயம் அல்ல இது.

மகள் நியூ ஜேர்சியில் வசிக்கிறாள். பேரனுக்கு 2 வயதும் 5 மாதமும், பேச்சு இல்லை. அங்கே செலவு அதிகம் என்பதால் இங்கே அழைத்து வந்து பயிற்சி கொடுக்கலாமா? (பாட்டி, பம்பலப்பிட்டி)

அம்மா, அழைத்து வர வேண்டாம். அமெரிக்காவில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1986 முதல் சட்டபூர்வமான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. வைத்தியரின் கடிதம் இல்லாமலே பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மதிப்பீடு முற்றிலும் இலவசம். பெற்றோர் சம்மதித்தால், விண்ணப்பித்த 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, தகுதி இருந்தால் குடும்பத்தோடு சேர்ந்து திட்டம் வகுக்க வேண்டும். எவ்வளவு தாமதம் இருந்தால் தகுதி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வரையறுக்கிறது. சில மாநிலங்கள் பயிற்சிக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் ஒரு பங்கை அறவிடுகின்றன. செலுத்த இயலாதவர் என்று கண்டால் சேவையை மறுக்க முடியாது.

பேரனுக்கு 3 வயது நிறைய 7 மாதமே இருக்கிறது. 3 ஆம் பிறந்தநாளோடு அந்தத் திட்டம் முடிந்து பொறுப்பு பாடசாலை மாவட்டத்துக்கு (அப்பகுதிப் பாடசாலைகளின் நிர்வாகத்துக்கு) மாறும். அந்த மாற்றத்துக்கான ஏற்பாடு குறைந்தது 90 நாள் முன்னரே தொடங்க வேண்டும். ஆகவே மகளை நாளைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொலைபேசியில் பேரனோடு தமிழில் பேசுவதையும் நிறுத்த வேண்டாம்.

மகனுக்கு 3 வயதும் 2 மாதமும் ஆகிவிட்டது. இனி இங்கே தகுதி இல்லையா? (மருதானை)

இருக்கிறது. 3 வயதில் கதவு அடைபடுவது மேலே சொன்ன அமெரிக்கத் திட்டத்தில்தான். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தரின் கண்காணிப்பு 5 வயது வரை தொடரும். வைத்தியசாலைக் கிளினிக் அதன் பின்னரும் தொடரும். 3 வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நாளிலேயே பதிவேட்டையும் நீட்டி, கேட்டல் பரிசோதனைக்கும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் பரிந்துரை கேளுங்கள்.