நோடு ஓட்டுவது இணைய நிறுவனத்துக்குத் தெரியுமா?

கேள்வி: வீட்டுக் கணினியில் பிட்காயின் முழு நோடு (எல்லாப் பரிவர்த்தனைகளையும் தானே சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன். வெளியே போகும் இணைப்புகள் பத்து இருக்கின்றன. உள்ளே வருவது ஒன்றுகூட இல்லை. இணைய நிறுவனம் கண்டுபிடித்துத் தடுக்கிறதோ என்று சந்தேகம். ‘யாராலும் தடுக்க முடியாத’ ரவுட்டரும் விபிஎன்னும் (இணையப் போக்குவரத்தை வேறொருவரின் கணினி வழியாக மறைத்து அனுப்பும் சேவை) சேர்த்துத் தருகிறேன், ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுங்கள் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நிறுவனம் உங்களைத் தடுக்க நினைத்திருந்தால் வெளியே போகும் அந்தப் பத்து இணைப்புகளும்தான் முதலில் அறுந்திருக்கும். பத்து என்பது பிட்காயின் கோர் என்ற நோடு மென்பொருள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எண்ணிக்கை. அதாவது உங்கள் நோடு நன்றாகவே ஓடுகிறது.

கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். பெரிய சிரமமும் இல்லை. பிட்காயின் நோடுகள் பொதுவாக 8333 என்ற போர்ட்டில் (கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசலின் எண்) பேசுகின்றன. பழைய முறையில் எல்லாச் செய்தியும் ஒரே நான்கு பைட்டுகளோடு தொடங்கும், எந்த மறைப்பும் கிடையாது. போர்ட்டை மாற்றினாலும் அந்த நான்கு பைட்டு காட்டிக்கொடுத்துவிடும். 2023 இறுதியில் வந்த பிட்காயின் கோர் 26.0 பதிப்பில் குறியாக்கம் செய்த புதிய முறை சேர்ந்தது, 27.0 முதல் அது தானாகவே இயங்குகிறது. அதன் பியர்ஸ் (இணைந்திருக்கும் நோடுகள்) பக்கத்தில் ஏதாவது ஓர் இணைப்பைத் தட்டி, டிரான்ஸ்போர்ட் என்ற வரியில் வி2, அதாவது இந்தப் புதிய முறை, என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இணைப்பில் போவதை நடுவில் சும்மா ஒட்டுக்கேட்பவர் படிக்க முடியாது. ஆனால் யாரோடு பேசுகிறீர்கள் என்பது அப்போதும் தெரியும். எந்தெந்த முகவரியில் நோடு இருக்கிறது என்ற தகவலைக் கேட்பவருக்கெல்லாம் இந்த நெட்வொர்க்கே அள்ளிக் கொடுக்கிறது. அதைத் திரட்டி உங்கள் இணைப்புகளோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

தெரிவது வேறு, அதற்காக மெனக்கெட்டுத் தடுப்பது வேறு. அவர்களை உறுத்துவது டேட்டா அளவுதான். புதிய நோடு முதன்முறை முழுச் சங்கிலியையும் (இதுவரை நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளின் பதிவு) இறக்க 600 ஜிபிக்கு மேல் ஆகும். ‘புரூன்’ செய்தால், அதாவது பழைய பதிவுகளை அழித்துக்கொண்டே வந்தால், டேட்டா மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. மிச்சமாவது வட்டில் இடம் மட்டும். இறக்குவது முழுசாகத்தான் நடக்கும். ‘அன்லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் விற்றுவிட்டு, பொடி எழுத்தில் ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டியதும் வேகத்தைக் குறைப்பார்கள். பிட்காயின் என்றில்லை, எதை இறக்கினாலும் இதே கதைதான்.

சரி, உள்ளே ஏன் யாரும் வருவதில்லை? பெரும்பாலும் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பீர்கள். ஐபிவி4 முகவரிகள் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) பற்றாக்குறை என்பதால் ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, அதுதான் சிஜிநாட். ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருந்தால், தேடி வருபவர் எந்த வீட்டைத் தட்டுவார்?

சோதிப்பது சுலபம். ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அப்புறம் ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் சிஜிநாட் இல்லை. ரவுட்டரில் 8333 போர்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். வேறாக இருந்து, வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநாட்தான். அந்த வரிசை இதற்காகவே ஒதுக்கப்பட்டது. 192.168 என்று தொடங்கினால் அவசரப்பட்டு நிறுவனத்தைத் திட்டாதீர்கள். அவர்கள் வைத்த மோடமும் ஒரு ரவுட்டர், அதன் பின்னால் நீங்கள் வைத்தது இன்னொன்று. தடை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அதனால் அதற்கும் முதலில் இதையே செய்யுங்கள். இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு: ‘தடுக்கிறார்கள்’ என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, உங்கள் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்க உள்வரும் இணைப்பு தேவையே இல்லை. அது மற்ற நோடுகளுக்கு நீங்கள் செய்யும் உதவி, அவ்வளவுதான்.

இப்போது அந்த விற்பனையாளருக்கு வருவோம். விபிஎன் போட்டால் இணைய நிறுவனத்தின் கண்ணில் விபிஎன் மட்டும்தான் படும், உண்மை. ஆனால் அவர்கள் பார்த்ததையெல்லாம் இனி விபிஎன் நடத்துபவர் பார்ப்பார். அதோடு பல விபிஎன்கள் தருவதும் பலர் பங்கிடும் முகவரிதான். போர்ட் திறந்து தராவிட்டால் உள்ளே வரும் இணைப்பு அப்போதும் பூஜ்யமே. காசு கொடுத்து அதே பிரச்சினையை வாங்குவீர்கள். ரவுட்டர் இன்னும் மோசம். அடுத்தவர் அமைத்து, கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்திருக்கும் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் அமைப்பு) மாற்றினால், பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தளத்தின் பெயரைத் தட்டும் உங்களைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட வழி திறந்துவிடும். ‘நானே தூரத்திலிருந்து அமைத்துத் தருகிறேன், திரையைப் பகிருங்கள்’ என்று ஆரம்பித்து, கடைசியில் வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்பவர்களும் உண்டு. நோடு அமைக்க அந்தச் சொற்கள் எதற்கும் தேவையில்லை. கேட்டவர் திருடர், இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

உள்வரும் இணைப்பு வேண்டும் என்றால் இலவச வழி டோர், அதாவது போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி அடையாளத்தை மறைக்கும் மென்பொருள். அது உங்கள் கணினியில் ஓடி, அதன் கட்டுப்பாட்டுப் போர்ட்டும் இயக்கத்தில் இருந்தால், பிட்காயின் கோர் தானாகவே ஓர் ஆனியன் முகவரி (டோர் வழியாக மட்டும் எட்டக்கூடியது) உண்டாக்கிக்கொள்ளும். சிஜிநாட் அதற்குத் தடையே இல்லை. டோர் ஓட்டுகிறீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே என்ன போகிறது என்பது தெரியாது. உள்வரும் இணைப்பு பெருகினால் பதிவேற்றமும் ஏறும், மாதம் 200 ஜிபியைக்கூடத் தாண்டலாம்; அமைப்பில் அதற்கு உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

டோர் வேண்டாம் என்றால் நிறுவனத்திடம் பொது ஐபிவி4 முகவரி கேளுங்கள். சிலர் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். பிட்காயின் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ‘என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறதா’ என்று மட்டும் கேளுங்கள். முதலில் எடுப்பவருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது, ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார். வாதாடாமல் போட்டுவிட்டு, நெட்வொர்க் பிரிவுக்கு இணைப்பை மாற்றச் சொல்லுங்கள்.