பெட்டியடிப் பையனின் அகராதி

அன்புள்ள சார்,

மூன்று மாதத்தில் மூன்று நாவல்கள் படித்தேன். பூமணியின் ‘வெக்கை’யை ஒரே ராத்திரியில் முடித்தேன். ‘அசுரன்’ படம் பார்த்திருந்ததால் கதை ஓரளவு தெரியும், இருந்தும் கீழே வைக்க முடியவில்லை. ஆ. மாதவனின் ‘கிருஷ்ணப் பருந்து’க்கு நாலு நாள் ஆனது. மலையாளம் கலந்த பேச்சு முதலில் தடுக்கியது, போகப்போகப் பழகிவிட்டது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில்தான் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று ஆசையாக எடுத்தது. மலாய்ச் சொல், டச்சுச் சொல், வட்டிக்கடைச் சொல் என்று ஒவ்வொன்றையும் நெட்டில் தேடி, நோட்டில் அர்த்தம் எழுதி, 80 பக்கம் வருவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. நண்பர்கள் குடித்துவிட்டுப் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கதை எங்கே சார்? அடிக்குறிப்போடு ஏதாவது பதிப்பு உண்டா? இல்லை, எனக்கு இது சரிப்படாதா?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள்.

நானும் நோட்டுப் போட்டவன்தான். முதல் தடவை படித்தபோது ‘கிட்டங்கி’ என்று எழுதி, அதற்கு நேராகக் ‘கிடங்கு’ என்று எழுதினேன். சரக்கு அடுக்கும் இடம் என்ற நினைப்பிலேயே படித்தால், அங்கே ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள், ராத்திரி அங்கேயே படுக்கிறார்கள். பல கடைகள் ஒரே கட்டடத்தில் வரிசையாக நடக்கிற இடம் அது என்று புரிந்தபோது, நோட்டில் எழுதியது தப்பு என்றும் புரிந்தது. அதன் பிறகு நோட்டைத் தொடவில்லை.

வட்டிக்கடைக்குப் புதிதாக வந்து சேரும் பெட்டியடிப் பையனுக்கு, அதாவது கடைசி நிலை வேலைக்காரப் பையனுக்கு, யாரும் அகராதி தருவதில்லை. மேலாள் யார், அடுத்தாள் யார், யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் திட்டு வாங்கித்தான் தெரியவரும். சிங்காரமும் அப்படிப் போனவர். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவில் இருக்கும் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், இரண்டாம் உலகப் போரை அங்கேயே பார்த்துவிட்டு 1946இல் ஊர் திரும்பினார். அப்புறம் மதுரையில் தினத்தந்தி வேலை. தன்னை உட்காரவைத்த அதே பெட்டியடியில்தான் நம்மையும் உட்காரவைக்கிறார். கொஞ்ச நாள் முழிக்கத்தான் வேண்டும்.

‘கிருஷ்ணப் பருந்து’ போகப்போகப் பழகிவிட்டது என்கிறீர்களே, எப்படிப் பழகியது? நோட்டுப் போட்டா? மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர். நாலு நாள் அந்தக் கடை வாசலில் நின்றீர்கள், காது தானாகப் பழகிக்கொண்டது. அதே காதுதான் மெடானுக்கும் போதும்.

கதை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பான்காரர்கள் மெடானுக்குள் நுழைவதையும், வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைத்திருப்பதையும் தொடக்கத்திலேயே தாண்டி வந்திருக்கிறீர்கள். ‘கெர்க் ஸ்ட்ராட்’ என்ற தெருப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடுகிற மும்முரத்தில் அந்தத் தலைகள் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். குடிப்பேச்சு நீளம்தான், மறுக்க மாட்டேன். தமிழனின் பழம்பெருமையை அவர்கள் போட்டுத் தாளிப்பது எனக்கே மூன்றாவது வாசிப்பில்தான் ருசித்தது. இப்போதைக்கு அலுத்தால் பக்கத்தைத் தள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நாவலின் நாயகன் பாண்டியனின் சொந்த ஊரான சின்னமங்கலம் வரும் பக்கங்களை மட்டும் தள்ளிவிடாதீர்கள். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற அவனுக்கு ஊர்த் தெரு ஞாபகம் வருகிறது. ஒரு கடை, அதற்கு அடுத்த கடை, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் என்று நடந்துபோகிற வரிசையிலேயே வருகிறது. துபாயில் இருக்கும் என் உறவினர் ஒருவர் போன் பண்ணினால், நலம் விசாரித்த கையோடு, “பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பக்கத்துல இப்ப என்ன கடை இருக்கு?” என்றுதான் கேட்பார். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் அவர் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லப் பழகினேன்.

‘வெக்கை’யை ஒரே ராத்திரியில் முடித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. படம் கதையைக் கையில் கொடுத்துவிட்டது, போலீஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடியிருப்பீர்கள். எதிரியின் கையை வெட்டத்தான் பையன் நினைத்தான், அந்த ஆள் செத்துப்போனான் என்பது ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி நாவல் முழுக்க அந்தப் பதினைந்து வயதுப் பையனும் அப்பாவும் ஒளிந்து திரிகிற சில நாட்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம், எதைச் சமைக்கலாம். கொலை செய்துவிட்டு வந்த மகனுக்கு ஒரு அப்பா சோறு பொங்கிப் போடுகிற இடங்களை மெதுவாக ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அடிக்குறிப்புப் பதிப்பெல்லாம் தேட வேண்டாம். சிங்காரத்தின் முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது, அளவில் சின்னது. அதே வட்டிக்கடை உலகம்தான். செல்லையா, அவன் முதலாளி, முதலாளியின் மகள் மரகதம் என்று கதை நேராகப் போகும். அதை முடித்துவிட்டுத் தோணிக்கு வாருங்கள். எங்கே விட்டோம் என்று மறந்துபோகாமல் இருக்க, அந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து 80ஆம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.