அப்பாவுக்கு எந்த ஸ்டென்ட் வைக்கறது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு. ஆஞ்சியோல எல்.ஏ.டி.ங்கற, இதயத்தோட முன்பக்க ரத்தக் குழாய்ல 85% அடைப்பு. சாதா மருந்து ஸ்டென்ட் (குழாய விரிச்சு வைக்கற, மருந்து பூசுன உலோகக் கம்பி வலை), புதுசா வந்த மெலிசு ஸ்டென்ட், கரையிற ஸ்டென்ட்னு மூணு சொல்றாங்க. எத எடுக்கறது?

கரையிறத முதல்ல தள்ளி வைங்க. மூணு வருஷத்துல கரைஞ்சிடும், உள்ள கம்பியே இருக்காதுன்னு சொன்னப்ப எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அப்சார்ப்னு வந்ததுல கம்பி 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல தடிமன், அதுல ரத்தம் உறைஞ்சு அடைக்கறது உலோக ஸ்டென்ட்ட விட அதிகமாவே இருந்துச்சு, 2017ல கம்பெனியே விக்கறத நிறுத்திடுச்சு. இப்ப மெலிசா வேற சிலது வருது, இருந்தாலும் சுகர் இருக்கற அப்பாவுக்கு நான் வைக்க மாட்டேன்.

மருந்து பூசாத வெறும் உலோகமும் வேணாம், சுகர் இருந்தா திரும்ப சுருங்கற வாய்ப்பு ஜாஸ்தி. மீதி ரெண்டும் மருந்து ஸ்டென்ட்தான். 2003ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன சைஃபர்ங்கற பழைய மருந்து ஸ்டென்ட்ல கம்பி 140 மைக்ரான், இப்ப கோபால்ட் குரோமியத்துல 80, சிலதுல 60, அதாவது கிட்டத்தட்ட தலைமுடி தடிமன். கம்பி மெலிசா இருந்தா குழாயோட உள்தோல் சீக்கிரம் மேல மூடிக்கும், ரத்தமும் முட்டாம ஓடும். 140லேர்ந்து 80க்கு வந்தது பெரிய மாற்றம், சாதா 80க்கும் மெலிசு 60க்கும் நடுவுல கடன் வாங்கிக் குடுக்கற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

இதைவிட முக்கியமா டாக்டர்கிட்ட கேளுங்க: அடைப்பு ஒரு குழாய்லயா, மூணுலயுமா? மூணுலயும்னா, சுகர் வேற இருக்கு, பைபாஸ்தான் பல பேருக்கு நல்லது. ஒண்ணுதான்னா, குழாய் உள்ளயே ஸ்கேன் விட்டு அளவு பாப்பீங்களா, கால்சியம் படிஞ்சிருக்கான்னு கேளுங்க. கல்லு மாதிரி இடத்த உடைச்சு தயார் பண்ணாம வெச்சா எவ்ளோ நல்ல ஸ்டென்ட்டும் பாதிதான் விரியும், பின்னாடி அடைக்கறதுல நெறைய இதுதான்.

ஸ்டென்ட் வெச்சப்புறம் ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் கூட குடுக்கற க்ளோபிடோக்ரல் மாத்திரையும் சேர்த்து பொதுவா 6 மாசம், அட்டாக் வந்து வெச்சதுன்னா 1 வருஷம். பல்லு புடுங்கணும்னு யாராவது நிறுத்தச் சொன்னா, இதய டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க.

விலையா? 2017 பிப்ரவரில மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்னு அரசு உச்சவரம்பு வெச்சது, கரையிறதும் அதே கணக்குலதான், அதுக்கு முன்னாடி லட்சத்துக்கு மேல வித்தாங்க. தொகை அப்பப்ப மாறும், இப்ப எவ்ளோன்னு பாத்துக்கங்க. பில்லுல ஸ்டென்ட் பேரு, பேட்ச் நம்பர், விலை தனியா போட்டாகணும். டப்பால இருக்கற ஸ்டிக்கர அப்பா ஃபைல்ல ஒட்டச் சொல்லி வாங்கிக்கங்க.